சன்னாசி மீதான விசாரணை

சன்னாசிக்குக் காரணம் கோரும் கடிதத்தை அச்சடித்தது நான்தான். முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து நாற்பத்தொரு நாள் வேலைக்கு வராததற்காக அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. எழுத்துப் பிழை இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.

அதை நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வரச் சொன்னார் மனிதவள மேலாளர் சுகுமாரன் சார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த மேசைக்காரரிடம் ஸ்டேப்ளர் கேட்பதற்குக்கூட நான் மின்னஞ்சல்தான் அனுப்புவேன்.

நான் படித்தது நுண்ணுயிரியல். ஈப்போவில் இந்த மருத்துவமனைக்கு விண்ணப்பித்தபோது, ஆய்வகத்தில் இடமில்லை, மனிதவளப் பிரிவில் இருக்கிறது என்றார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது வரும் திங்கட்கிழமை முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று சுகுமாரன் சார் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா ஏற்கெனவே சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிவிட்டார். என்ன வேலை என்று சொல்லவில்லை. இரண்டு பேர் என்னிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது. அவற்றில் ஒன்று நீல அட்டை போட்ட தடித்த புத்தகம். மேலே 'செக்ரோல்' என்று எழுதியிருந்தது. தோட்டங்களில் வேலையாட்களின் பெயரும் வருகையும் எழுதுகிற புத்தகத்துக்கு அதுதான் பெயர். உள்ளே பதினான்கு பேர். சேர்ந்த ஆண்டு 1986. வேலை, 'ஆள் ஏற்றி இறக்கல்'. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆஜர்'. கடைசிப் பக்கங்களில் சன்னாசிக்கு மட்டும் 'வரல'. ராக்காயி என்ற பெயருக்கு நேரே, 'இடப்பக்கம் இழுக்கிறது, எண்ணெய் போட்டாச்சு' என்று ஒரு குறிப்பு இருந்தது. நான் உடல்நலப் பத்தியில் 'பக்கவாத அறிகுறி, நாட்டு வைத்தியம்' என்று ஏற்றினேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அடையாள அட்டை எண் இல்லாமல் கணினி மேலே போக விடவில்லை. பதினான்கு பேருக்கும் பூச்சியம் போட்டேன்.

சுகுமாரன் சார் கோலாலம்பூரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கணினியில் அந்தப் பதினான்கு பேரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக் கூட்டத்தில் எல்லாரையும் உட்காரவைத்துத் திரையில் காட்டினார்.

"பாருங்க. முப்பத்தொம்பது வருசம். மெடிக்கல் லீவு, எம்சின்னு ஒன்னு இல்ல. ஒரு நாள் லேட் இல்ல. நீங்களும்தான் இருக்கீங்க. மழ பேஞ்சா எம்சி. தீபாவளிக்கு மறுநாள் எம்சி."

கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலருடைய தோள்கள் குலுங்கின. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை புதிய கட்டடம் திறக்கிறார்கள். மருத்துவமனையின் முதல் நிர்வாகி பஞ்சலிங்கத்தின் பெயரை அதற்கு வைக்கப்போகிறார்கள். அதே மேடையில் அந்த உழைப்பாளிகளுக்குப் பதக்கம் கொடுக்கச் சேர்மனிடம் சம்மதம் வாங்கிவிட்டார் சுகுமாரன் சார். சன்னாசி மட்டும்தான் உறுத்தல்.

"பதிமூணு பேரு தங்கம். ஒருத்தன் மட்டும் இப்படி" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடிதத்தோடு முகப்புக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் அங்கே பெயர் கூப்பிடுவார்கள் என்று காவலாளி சொல்லியிருந்தார். முகப்பில் சக்கர நாற்காலிகள் ஒரே வரிசையில் நின்றன. அவற்றுக்கு முன்னால் இருளாயி அக்கா நின்றார். அவர் உதவியாளர் வேலையில் இருக்கிறவர். குரல் மட்டும் சந்தைக்கு ஏற்றது. கையில் அந்த நீல அட்டைப் புத்தகம்.

"ராக்காயி!" என்று கூப்பிட்டார்.

பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் தேவன் அண்ணன் ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தட்டி, "ஆஜர்!" என்றார்.

நான் நாற்காலிகளை எண்ணினேன். பதிமூன்று. மறுபடியும் எண்ணினேன். ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பதிமூன்றுதான்.

"சன்னாசி!"

யாரும் எதையும் தட்டவில்லை.

"இன்னிக்கும் வரல" என்று அக்கா எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னம்மா, யாரப் பாக்கணும்?"

கடிதத்தை நீட்டினேன். அக்கா படித்தார். மறுபடி படித்தார். பிறகு ராக்காயியின்மேல் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, சன்னாசிக்கு சோ காஸ் லெட்டர் வந்திருக்கு!"

"அலாமாக்! கையெழுத்து யாரு போடுறது? டயர் ரேகை வச்சிரலாமா?"

எனக்குக் காது சூடானது. உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார அங்கே இருந்ததெல்லாம் சக ஊழியர்கள்.

அவர்கள் இருவரும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

பஞ்சலிங்கத்தின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பா ரயில்வேயில் இருந்தார். மகனும் அரசாங்க மேசை ஒன்றில் உட்காருவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிரஸராகப் போனார். டாக்டர் வாரம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஆறு நாளும் டிரஸர்தான் டாக்டர். விடிவதற்குள் பெரட்டு நடக்கும். எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். வராத ஆளுக்குச் சம்பளம் இல்லை என்பதோடு கிராணியின் வேலை முடிந்தது. டிரஸரின் வேலை அங்கேதான் தொடங்கியது. வராத ஆளின் லயத்து வீட்டுக்குப் போவார். காய்ச்சலா, கள்ளா, பெண்டாட்டியோடு சண்டையா என்று பார்த்துவிட்டு வருவார்.

1986இல் இங்கே நிர்வாகியாக வந்தார். பதினான்கு சக்கர நாற்காலி வாங்கினார். மாதக் கடைசியில் ஒன்பதுதான் இருந்தன. ஒன்று சந்தையில் மீன் கூடை ஏற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று லூமுட் படகுத்துறையில் கருவாட்டு மூட்டையோடு கிடைத்தது. நாற்காலிகளுக்கு எண் போட்டார். ஏழாம் எண்ணைக் காணோம் என்றால் யாரும் எழுந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு தன் பழைய தோட்டத்துச் செக்ரோலிலிருந்து பெயர்களை எடுத்து வைத்தார். ராக்காயியைக் காணோம் என்றதும் நான்கு பேர் தேடி ஓடினார்கள். அன்றிலிருந்து பெயர்தான். பழைய நாற்காலி உடைந்தால் புதியதற்கு அதே பெயர்.

டாக்டரைப் பார்க்கக் கொடுத்த தவணைக்கு வராத நோயாளிகளுக்கும் அதே வழிதான். நாற்காலிகளுக்குப் பிறகு அவர்களின் பெயரை வாசிப்பார்கள். அன்றைக்கே வேன் அவர்கள் வீட்டுக்குப் போகும். அந்தக் காலத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரியும் இப்படிச் செய்ததில்லை என்று அக்கா அடித்துச் சொன்னார். செக்ரோலின் முதல் பக்கத்தில் பஞ்சலிங்கத்தின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 'போய்ப் பார்க்காமல் பேர் வெட்டக் கூடாது.' அதை நானும் பார்த்திருந்தேன். கணினியில் அதற்குப் பத்தி இல்லாததால் ஏற்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேனை வீடுகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது குறுஞ்செய்தி போகிறது. பெரட்டில் நாற்காலிகள் மட்டும்தான் மிச்சம்.

நான் நேராக சுகுமாரன் சாரின் அறைக்குப் போனேன். வழியில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"என்ன மாதுமை, வாங்கிக்கிட்டானா?"

"இல்ல சார்."

"ஓடிட்டானா?"

"வெளியூர்ல இருக்காரு சார்." எனக்கே தெரியாமல் மரியாதையும் சேர்ந்துகொண்டது.

"பாத்தீங்களா! வெள்ளிக்கிழம பத்து மணிக்கு விசாரணை. நானும் மேட்ரனும் உக்காருவோம். நீங்க குறிப்பெடுங்க. அவன் வரலன்னா பேர வெட்டிட்டு போலீஸ்ல ரிப்போட். சனிக்கிழமைக்குள்ள இது கிளியர் ஆவணும்."

"சார், அது வந்து…"

"என்ன?"

"ஒன்னுமில்ல சார்."

சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை மேடையில் பதிமூன்று நாற்காலிகளின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். சொன்னால் திங்கட்கிழமை எனக்கு நன்றிக் கடிதம். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சன்னாசியை விசாரணைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நான் சொல்ல வேண்டியதை நாற்காலியே சொல்லிவிடும்.

அது எங்கே இருக்கிறது என்பது புத்தகத்திலேயே இருந்தது. 'சன்னாசி, கால் உடைந்த இராமசாமியோடு பீடோர் போனான். திரும்பவில்லை.' அவருடைய மருமகனின் லாரியில் ஆளையும் நாற்காலியையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறார்கள்.

தேவன் அண்ணனிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை மாலை கேட்டேன்.

"இதக் கேக்கத்தான் ரெண்டு நாளா என் வேன சுத்திச் சுத்தி வந்தியா? டயர் திருட வந்த பிள்ளன்னு நெனச்சேன் லா" என்றார். "காலைல பெரட்டு முடிஞ்சதும் போலாம். பசியாறப் போறோம்னு சொல்லிக்கலாம். பீடோர்ல வாத்து மீ நூடுல்ஸ் நல்லாருக்கும், அது பொய் இல்ல."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்தின் பெயர்ப்பலகை இருந்தது. ரப்பர் இல்லை. செம்பனைக்கு நடுவில் ஆறே ஆறு லயத்து வீடுகள். கடைசி வீட்டு வாசலில் இராமசாமி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது தாண்டியவர். முழங்கால்வரை மாவுக்கட்டு. அதில் கேஸ்காரன், கோழித் தீவனம் என்று தொலைபேசி எண்கள் எழுதியிருந்தன.

வேனைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பத்து நாலு நாளு" என்றார். "பஞ்சலிங்கம் ஐயா இருந்தா அன்னிக்கே ஆளு வந்திருக்கும்."

"குறுஞ்செய்தி அனுப்பினோமே ஐயா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தேவன் அண்ணன் அதையே உரக்கச் சொன்னார்.

"டிங்குங்குது. அது ஆளா? ஆளு வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு உக்காந்திருக்கேன். என் சட்டமா? உங்க ஆஸ்பத்திரி சட்டம்தானே!"

"உள்ள அரிக்கலையாண்ணே?"

"அரிக்குது. கொடக் கம்பி வச்சிருக்கேன்."

ஒருமுறை டிபி மருந்துக்கு இராமசாமி போகவில்லையாம். அப்போது வேன் பழுது. பஞ்சலிங்கமே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கழுத்தில் டை, காலில் ரப்பர் பூட்ஸ்.

"எங்க வான்கோழிக்கு அந்த டை புடிக்கல. தொரத்திருச்சு. தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு, 'இராமசாமி, ஏன் பெரட்டுக்கு வரல?'ன்னு கேட்டாரு. வான்கோழியப் புடிச்சிக் கட்டுன்னு சொல்லல. மொதல்ல இதக் கேட்டாரு."

"இப்ப நாங்க வந்துட்டோம்ல, கெளம்புங்க" என்றார் தேவன் அண்ணன். "சன்னாசி எங்க?"

இராமசாமியின் முகம் மாறியது. "அவன இப்ப எடுக்க முடியாதே" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தில் நாய்ச்சங்கிலி போட்டுச் சன்னாசியைக் கட்டியிருந்தார். திருட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. இருக்கையில் மருத்துவமனைப் போர்வை. போர்வைமேல் ஒரு சிவப்புக் கோழி. எங்களைப் பார்த்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டது.

"பதினோரு முட்ட. பதினெட்டு நாளா அட காக்குது. எழுப்பினீங்க, நான் வரமாட்டேன்."

தேவன் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீதானே சயன்ஸ் படிச்ச பிள்ள. சொல்லு."

"இருபத்தோரு நாள்ல பொரிக்கும்" என்றேன். "இன்னும் மூணு நாள்தான். சூடு குறையக் கூடாது. ரொம்ப ஆட்டக் கூடாது. நாற்காலியோட சேத்து அப்படியே தூக்கினா ஒன்னும் ஆவாது."

இந்த ஆறு மாதத்தில் நான் தொடர்ந்து பேசியது அவ்வளவுதான். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது வேன் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் நான் சன்னாசியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கோழி என்னை நான்கு முறை கொத்தியது. முன்னால் இராமசாமி வாத்து மீ வாங்க வேண்டும் என்றார். கோழி காதுபட அப்படிப் பேசக் கூடாது என்றார் தேவன் அண்ணன்.

பத்து மணிக்கு முகப்பில் இறங்கினோம். இருளாயி அக்கா நாற்காலியை உள்ளே தள்ளப் பார்த்தார். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"கூடாது. கோழியோட உள்ள போகக் கூடாது." இது எனக்குத் தெரிந்த துறை.

மாடிக்கு ஓடினேன். சுகுமாரன் சாரும் மேட்ரன் தினேஸ்வரியும் கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், கீழ வாங்க. சன்னாசி வந்தாச்சு. உள்ள வர முடியாது."

"ஏன்?"

"கோழி இருக்கு சார்."

கீழே போனபோது பாதி மருத்துவமனை முகப்பில் நின்றது. சுகுமாரன் சார் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஊன்றுகோலோடு நின்ற இராமசாமியிடம் போனார்.

"நீங்கதான் சன்னாசியா?"

"நான் இராமசாமி. சன்னாசி அந்தா" என்று அவர் கையைக் காட்டினார்.

சுகுமாரன் சார் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கோழியா?"

"இல்ல சார்" என்றேன். "கோழிக்குக் கீழ."

நாற்காலியே சொல்லிவிடும் என்று நம்பியிருந்தேன். அது சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பதினாலு பேரும் சக்கர நாற்காலிதான் சார். மனுசங்கன்னு நெனச்சி நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். யாரையும் கேக்கல. செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சது. அப்பவும் சொல்லல. என் தப்பு."

சுகுமாரன் சார் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "சேர்மன்கிட்ட சொல்லிட்டேனே" என்றார் மெதுவாக. "மெடலுக்கு அளவெல்லாம் குடுத்துட்டேனே." பிறகு மேட்ரனிடம், "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் சார். முப்பத்தொம்பது வருசமா நடக்குது."

"அப்ப மீட்டிங்ல ஏன் யாரும் வாயத் திறக்கல?"

"எப்படி சார் திறக்கிறது? திறந்தா சிரிப்பு வந்துரும்னுதான் எல்லாரும் குனிஞ்சிக்கிட்டு இருந்தோம்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, சன்னாசிக்கு எதிரே உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். அவருக்கு ஒரு குணம் உண்டு. திறந்த கோப்பை முடிக்காமல் மூட மாட்டார்.

"நாப்பத்து நாலு நாள் வராததுக்கு என்ன காரணம்?"

"ஆளு வரல" என்றார் இராமசாமி.

"நான் கேக்கிறது, சன்னாசி ஏன் வரலன்னு."

"அதான் சொல்றேன். நீங்க ஆளு அனுப்பல. அனுப்பியிருந்தா மறுநாளே ரெண்டு பேரும் வந்திருப்போம். அவனா நடந்து வருவான்?"

சுகுமாரன் சார் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவர் மாதிரி தவணைக்கு வராத ஆளுங்க எத்தன பேரு?"

அதை நான் புதன்கிழமை பார்த்து வைத்திருந்தேன். "இந்த வருசம் இருநூத்திப் பன்னெண்டு பேரு சார். எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு."

"யாராவது போய்ப் பாத்தது?"

"ஒருத்தர சார். இன்னிக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோழி கொக்கரித்தது. அதையும் குறிப்பில் எழுதிவிட்டேன். பிறகு அந்த வரியை அடித்தேன்.

தீர்ப்பு இரண்டு வரி. காரணம் ஏற்கப்பட்டது. தவறு சன்னாசியுடையது அல்ல. யாருடையது என்று எழுதவில்லை. என்னைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

இராமசாமியின் மாவுக்கட்டை அன்றே பிரித்தார்கள். எலும்பு சரியாகக் கூடியிருந்தது. உள்ளிருந்து ஒரு குடைக் கம்பித் துண்டும், அவர் ஒரு மாதமாகத் தேடிய பேனா மூடியும் கிடைத்தன. குஞ்சு பொரித்ததும் கோழியைக் கொண்டுவந்து தருகிறோம் என்று தேவன் அண்ணன் அவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை விழா நடந்தது. பஞ்சலிங்கம் வழிவந்த மரபைக் கௌரவிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சுகுமாரன் சார் சேர்மனிடம் சொல்லியிருந்தார். சேர்மன் மிகவும் நெகிழ்ந்துபோய், பதிமூன்று கைப்பிடிகளிலும் தன் கையாலேயே பதக்கம் மாட்டினார். ராக்காயி பதக்கத்தோடு இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு மேடை விளிம்புவரை போய்விட்டது. இருளாயி அக்கா பாய்ந்து பிடித்தார். புதிய கட்டடத்தின் பலகையில் 'தொலைநோக்காளர் பஞ்சலிங்கம்' என்று போட்டிருந்தார்கள். அவர் தொலைவில் நின்று எதையும் பார்த்ததாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

சன்னாசி முகப்பின் ஓரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில், 'அடைகாத்தல் நடைபெறுகிறது. தொடாதீர்கள். தொட்டால் கை கழுவுங்கள்' என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை மாலை சுகுமாரன் சார் ஓர் உறையை என் மேசையில் வைத்தார்.

"உங்க தப்புக்கு உங்கள அனுப்பத்தான் நெனச்சேன்" என்றார். "ஆனா இந்த எட்டு மாசத்துல, என்கிட்ட வந்து 'என் தப்பு'ன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

அவர் போன பிறகு திறந்தேன். நிரந்தரம். சந்தோஷத்தில் இரண்டாவது பத்தியைத் தாமதமாகத்தான் படித்தேன். வேன் நாளை முதல் மறுபடி நோயாளிகளைத் தேடிப் போகும். தவணைக்கு வராத நோயாளிகளின் வீடுகளுக்கு நேரில் சென்று, கதவைத் தட்டி, பேசி அழைத்து வருகிற அலுவலராக நான் நியமிக்கப்பட்டிருக்கிறேன். இருநூற்றுப் பதினோரு வீடுகள். முன்பின் தெரியாதவர்கள். ஆய்வகத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு முகப்பில் நின்றேன். முதல்நாள் ஒன்பது முட்டைகள் பொரித்திருந்தன. சன்னாசிக்குக் கீழே குஞ்சுகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. இருளாயி அக்கா நாற்காலிகளின் பெயரை வாசித்தார். சன்னாசியின் முறை வந்தபோது தேவன் அண்ணன், "ஆஜர்! பத்து உருப்படி கூட!" என்றார். பிறகு நோயாளிகளின் பட்டியல். இரண்டு வருடத்தில் முதல்முறை. கடைசியாக அக்கா புத்தகத்தை மூடாமல் இன்னொரு பெயரைக் கூப்பிட்டார்.

"மாதுமை!"

தேவன் அண்ணன் என் பையைத் தட்டி, "ஆஜர்!" என்றார்.

"அதெல்லாம் நாற்காலிக்கு. பிள்ள தானே சொல்லட்டும்" என்றார் அக்கா.

"ஆஜர்" என்றேன்.

"கேக்கல லா" என்றார் தேவன் அண்ணன். "அந்தக் குஞ்சு இன்னும் சத்தமா கத்துது. நீ போய்க் கதவத் தட்டி இப்படிப் பேசினா, காத்துன்னு நெனச்சித் திரும்பப் படுத்துக்குவாங்க."

மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். குஞ்சுகள் ஒரு நொடி நிறுத்திவிட்டன. அக்கா என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்.

முதல் வீடு ஆயர் தாவாரில் இருந்தது. வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன்.